வண்டியை எங்கள் கைக்கு எட்டும்படி செய்யுங்கள்

சிறிய மோட்டார் சைக்கிள்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், எந்த மாடலில் எது இருக்கும், எது இருக்காது என்று முடிவெடுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

100 முதல் 125 சிசி வரையிலான வண்டிகளைப் பற்றித்தான் இந்த மடல். காலையில் வேலைக்குப் போய் மாலையில் வீடு திரும்பும் வண்டிகள். நடுவில் பள்ளிக்கூடம், மருந்துக்கடை என்று எங்கு வேண்டுமானாலும் போகும். மழையில் ஓடும், வெயிலில் நிற்கும். பின்னால் ஆள் இருப்பார், டேங்கின் மேல் பை இருக்கும். இதை ஓட்டுகிறவருக்கு வண்டி பொழுதுபோக்கு கிடையாது. அது நின்றால் பலருக்கு அன்றைய வருமானமே நின்றுவிடும்.

இந்த வகை வண்டியை நாங்கள் தேடி வாங்க மைலேஜ் ஒரு காரணம், விலை ஒரு காரணம். உங்கள் விளம்பரங்கள் சொல்லாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் இதை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியம். அந்தத் தைரியத்தை மாடலுக்கு மாடல் கொஞ்சம் கொஞ்சமாக நீங்கள் பறித்துவருகிறீர்கள். கிக்கர் போகிறது, சென்டர் ஸ்டாண்டு போகிறது, முழு செயின் கவர் போகிறது, டூல் கிட் போகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விஷயம்தான். அன்றாடம் ஓட்டுகிறவனுக்கு அவை எல்லாம் சேர்ந்துதான் வண்டி.

முதலில் கிக்கர். செல்ஃப் ஸ்டார்ட் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சிக்னலில் வண்டி ஆஃப் ஆனால் கட்டைவிரலால் ஓர் அழுத்து, கிளம்பிவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் இந்த வண்டிகளில் இருக்கும் பேட்டரி சின்னது, பெரும்பாலும் 3 முதல் 5 ஆம்பியர்-ஹவர். எங்கள் ஓட்டமும் குட்டி ஓட்டம். ஒரு தெரு தள்ளிப் போய் நிறுத்துவோம், திரும்ப ஸ்டார்ட் செய்வோம், நெரிசலில் ஐடிலில் நிற்போம். பேட்டரிக்குத் திரும்பப் போகும் சார்ஜ் குறைவு. இரண்டு வருடத்தில் பேட்டரி தளர்ந்துவிடும். அது ஒரே நாளில் செத்துப்போவதில்லை. முதலில் ஒரு நடுவாந்தர நிலை வரும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றும் தெம்பு இருக்காது, ஆனால் பெட்ரோல் பம்பையும், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் சின்னக் கணினியான இசியுவையும் எழுப்பும் அளவுக்கு மிச்சம் இருக்கும். ஸ்டார்ட்டர் ஒரு நொடியில் இழுக்கும் மின்சாரம் அத்தனை அதிகம், மற்றவற்றுக்கு அதில் ஒரு துளி போதும். கிக்கர் கைகொடுப்பது சரியாக இந்த நிலையில்தான். ஓர் உதை, வண்டி எடுத்துவிடும். ஓட்டிக்கொண்டே போய் பேட்டரியை மாற்றிக்கொள்ளலாம். கிக்கர் இல்லாத வண்டியோடு என்ன செய்வது? தள்ளிக்கொண்டே ஓடி, செகண்ட் கியரில் போட்டு, கிளட்சை விட வேண்டும். தனியாக இருக்கும் வயதானவரால் அது முடியுமா?

கார்புரேட்டருக்குப் பதில் மின்சாரத்தால் பெட்ரோலைத் தெளிக்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிக்குக் கிக்கர் இருந்தும் பயனில்லை, பேட்டரி அடியோடு செத்துவிட்டால் பம்ப் அழுத்தம் தராது என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். டேங்குக்குள் இருக்கும் பம்ப் ஏறத்தாழ 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்ப வேண்டும், இன்ஜெக்டர் திறக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மின்சாரம் வேண்டும். ஆனால் பேட்டரியே இல்லாமல், கிக்கரின் சுழற்சியில் கிடைக்கும் மின்சாரத்திலேயே இன்ஜெக்‌ஷனை எழுப்பும் வித்தை உங்கள் தொழிலுக்குப் புதிதல்ல. சுசுகி தன் ஆர்எம்-இசட்450 மோட்டோகிராஸ் வண்டியில் 2008 மாடலிலேயே அதைச் செய்துவிட்டது. சேற்றில் தாவும் பந்தய வண்டிக்குக் கொடுத்ததை, வேலைக்குப் போகிறவனின் வண்டிக்குக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்தது செயின். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். அன்றாட வண்டியில் உரிமையாளரின் காசும் நேரமும் அதிகம் கரைவது இங்கேதான்.

ஹோண்டாவின் சூப்பர் கப் 1958-இல் வந்தது. 2017-க்குள் 10 கோடிக்கு மேல் தயாரானது. அதன் செயின் முழுக்க மூடிய பெட்டிக்குள் ஓடியது. சேறு படாது, மணல் ஒட்டாது, போட்ட எண்ணெய் உள்ளேயே நிற்கும். இன்று பல மாடல்களில் மேலே மட்டும் அரைக் கவர் வருகிறது. பார்க்க ஸ்போர்ட்டியாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். பின் சக்கரம் வாரி அடிக்கும் சேறு முழுவதும் செயினில்தான் படியும். அந்த மணல் எண்ணெயோடு கலந்து, செயின் கண்ணிகளைக் கோக்கும் பின்னுக்கும் (pin) அதைச் சுற்றியுள்ள புஷ்ஷுக்கும் நடுவே புகுந்து அரைக்கும். செயின் ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் கொக்கி போல வளையும். செயினை மட்டும் மாற்றினால் போதாது, ஸ்ப்ராக்கெட்டோடு செட்டாக மாற்ற வேண்டி வரும். ஒரு தகட்டை மிச்சம் பிடித்ததற்கு நாங்கள் கொடுக்கும் விலை இது.

செயினை இறுக்குவது இந்த வண்டிகளில் யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை. கீழ்ப்பக்கத்தின் நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் பல வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது என்பதால் சக்கரத்தை மெல்லச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே அளக்க வேண்டும். அப்படிச் சுற்றுவதற்குச் சக்கரம் தரையிலிருந்து எழும்பி நிற்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டு இல்லாத வண்டியில் எதைத் தூக்கி எதைச் சுற்றுவது? வண்டியை முன்னும் பின்னும் உருட்டி உருட்டி, ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்க்க வேண்டியதுதான்.

இதில் கையேடுகள் சரியாக விளக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. பின்னால் ஒருவர் ஏறினால் சஸ்பென்ஷன் அமுங்கும். முன் ஸ்ப்ராக்கெட்டும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் மூட்டும் ஒரே புள்ளியில் இல்லாததால், சக்கரம் மேலே எழும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகளுக்கும் இடையே உள்ள தூரம் மாறி, செயின் இழுபடும். ஆள் இல்லாத வண்டியில் “சத்தம் வரக்கூடாது” என்று விறைப்பாக இறுக்கிவிட்டால், இருவர் உட்கார்ந்து பள்ளத்தில் இறங்கும்போது அந்த இழுப்பு முழுவதும் கியர்பாக்ஸின் பேரிங் மேல் விழும். 20 மில்லிமீட்டர் என்று அளவைப் போடுகிறீர்கள். அதற்கான காரணத்தையும் இரண்டு வரியில் எழுதியிருந்தால் எத்தனையோ பேர் இறுக்கிக் கெடுத்திருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. டிரம் பிரேக் வண்டியில் செயினுக்காகச் சக்கரத்தைப் பின்னுக்குத் தள்ளினால் பிரேக் ராடும் கூடவே இழுபடும். அதைத் தளர்த்திச் சரிசெய்யாமல் விட்டால் பிரேக் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடும். சில கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பின் மேல் கையை வைத்தால் சுடும். வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் விழுந்துவிட்டது என்று உரிமையாளர் புலம்புவார். இன்ஜினில் கோளாறு தேடுவார்கள், பிளக் மாற்றுவார்கள், ஏர் ஃபில்டரைத் தட்டுவார்கள். கோளாறு பின் சக்கரத்தில் ஒரு நட்டில் இருக்கும். செயினை இறுக்கும் பக்கத்திலேயே “பிரேக்கையும், பிரேக் லைட் சுவிட்சையும் பாருங்கள்” என்று பெரிய எழுத்தில் எல்லா நிறுவனமும் அச்சிடட்டும்.

நன்றாகச் செய்ததையும் சொல்ல வேண்டும். அதே டிரம் பிரேக்கில், பிரேக் ஆர்முக்கு அடியில் சின்னதாக ஓர் அம்புக்குறி இருக்கும். பிரேக்கை முழுதாக மிதிக்கும்போது அந்த அம்பு, தகட்டில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள். எதையும் கழற்ற வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். கண் இருந்தால் போதும். அதை முதலில் வரைந்தவர் யாரோ, அவர் வண்டி ஓட்டுகிறவனை மதித்திருக்கிறார். நான் கேட்பது அந்த மதிப்பைத்தான்.

அந்தக் கண்ணோடு ஆயில் மூடியைப் பாருங்கள். இந்த இன்ஜின்களில் இருப்பது ஏறத்தாழ 1 லிட்டர் ஆயில். அதே ஆயில்தான் பிஸ்டனுக்கும் கியருக்கும் கிளட்சுக்கும். கொஞ்சம் குறைந்தாலும் அது பெரிய பங்கு. ஆனால் அளவு பார்க்கும்போது குச்சியைத் திருகாமல் வெறுமனே வைத்து எடுக்க வேண்டுமா, திருகி எடுக்க வேண்டுமா? பல வண்டிகளில் திருகக்கூடாது. திருகிப் பார்த்தால் குச்சி ஆழமாக இறங்கி, குறைந்த ஆயிலையும் நிறைந்ததாகக் காட்டும். இதற்குக் கையேட்டைத் தேட வேண்டியிருக்கிறது. மூடியின் தலையிலேயே “திருகாதே” என்று வார்த்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? வண்டியை சைடு ஸ்டாண்டில் சாய்த்துவைத்துப் பார்த்தாலும் அளவு தப்பும். இங்கேயும் சென்டர் ஸ்டாண்டுதான் கைகொடுக்கிறது. கூடவே ஜாசோ எம்ஏ (ஆயிலில் நனைந்து ஓடும் பைக் கிளட்சுக்கு ஏற்றது) தர ஆயில் என்று அந்த மூடிக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். காருக்கு வாங்கிய ஆயிலில் மிச்சத்தை ஊற்றிவிட்டு, கிளட்ச் வழுக்குகிறது என்று கிளட்ச் பிளேட்டை மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

இனி அந்த மஞ்சள் விளக்கு. இன்ஜெக்‌ஷன் வந்ததில் எங்களுக்கு நன்மை அதிகம். குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை, கார்புரேட்டர் ஜெட் அடைப்பு இல்லை. ஆனால் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் எங்களுக்கு எதுவும் தெரியாது. கையேடு “அருகிலுள்ள டீலரை அணுகவும்” என்று முடித்துக்கொள்கிறது. பல தயாரிப்புகளில் அந்த விளக்கு சும்மா எரிவதில்லை, கணக்காகச் சிமிட்டுகிறது. நீளச் சிமிட்டு பத்து, குட்டிச் சிமிட்டு ஒன்று என்று எண்ணினால் எந்த சென்சாரில் கோளாறு என்று தெரிந்துவிடும். அந்தப் பட்டியல் மெக்கானிக்குக்கான சர்வீஸ் கையேட்டில் இருக்கிறது, வாங்கியவனுக்கான கையேட்டில் இல்லை. ஒரே ஒரு பக்கம்தான். வெப்ப சென்சாரின் கனெக்டர் கழன்றதா, இன்ஜெக்டரே பழுதா என்று தெரிந்துகொண்டு கடைக்குப் போகிறவரிடம், தேவையில்லாத பாகத்தை யாராலும் விற்க முடியாது. ஒரு சர்வீஸ் சென்டரில் என்னிடம் இசியு போய்விட்டது என்றார்கள். பேட்டரி டெர்மினலில் படிந்த பச்சைத் துருவைச் சுரண்டியதும் வண்டி சரியாகிவிட்டது. சிமிட்டின் கணக்கு கையில் இருந்திருந்தால் அங்கேயே நான் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன்.

பாதுகாப்போடு சேர்ந்த விஷயம் ஒன்று இதைவிட முக்கியம். வண்டி சரிந்து விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சாய்வு சென்சார் இப்போது பல வண்டிகளில் இருக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் தூக்கி நிறுத்திய பிறகு சாவியை ஒரு தடவை ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் பல வண்டிகள் திரும்ப எடுக்கும். விழுந்தவர் பதற்றத்தில் இருப்பார். கை நடுங்கும், பின்னால் வண்டிகள் ஹார்ன் அடிக்கும். அவர் செல்ஃப் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பார், வண்டி எடுக்காது. நடு ரோட்டில் அந்த ஒரு நிமிடம் எவ்வளவு ஆபத்தானது என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். இதை வண்டி டெலிவரி கொடுக்கும் அன்றே, சாவியைக் கையில் கொடுக்கும்போதே, வாயால் சொல்லி, செய்து காட்டச் சொல்லுங்கள். பெட்ரோல் மூடியைத் திறக்கக் கற்றுக்கொடுக்கும் அதே ஐந்து நிமிடத்தில் இதுவும் அடங்கும்.

பெட்ரோல் மீட்டரைப் பற்றிச் சுருக்கமாக. பழைய வண்டிகளில் ரிசர்வ் வால்வு இருந்தது. வண்டி திணறியதும் கையால் தட்டித் திருப்பினால் இன்னும் இவ்வளவு தூரம் போகும் என்று ஒரு தெம்பு. இன்ஜெக்‌ஷனில் அந்த வால்வு போய்விட்டது. போகட்டும். கடைசிக் கட்டம் சிமிட்டத் தொடங்கும்போது டேங்கில் எத்தனை லிட்டர் இருக்கும் என்பதை டேங்க் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பம்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியுள்ள பெட்ரோல்தான், காலியாகும்வரை ஓட்டுவது பம்புக்குக் கேடு என்பதையும் அங்கேயே எழுதுங்கள்.

இவற்றுக்கெல்லாம் செலவாகும் என்று உங்களுக்குள் ஒருவர் கணக்குப் போடுவார். கிக்கருக்கும் செயின் பெட்டிக்கும் ஆகும், மறுக்கவில்லை. அச்சிடும் ஒரு பக்கத்துக்கும் மூடியில் வார்க்கும் ஒரு சொல்லுக்கும் என்ன ஆகிவிடும்? செலவாகும் பாகங்களையும் எல்லோர் தலையிலும் கட்ட வேண்டாம். விருப்பப்பட்டவர் வாங்கிப் பொருத்தும்படி இன்ஜின் கவரிலும் சேஸிலும் அதற்கான இடத்தையாவது விட்டுவையுங்கள். இடமே இல்லாமல் வடிவமைத்துவிட்டால் காசு கொடுத்தாலும் எங்களால் எதுவும் செய்ய முடியாது.

கடைசியாக, இரண்டாவது கை, மூன்றாவது கை மாறி வண்டி வாங்குகிறவர்களுக்காக ஒரு வேண்டுகோள். இந்த வண்டிகள் முதல் உரிமையாளரோடு முடிந்துபோவதில்லை. புதிது வாங்க வசதியில்லாதவர்களிடம்தான் அவை அதிக காலம் உழைக்கின்றன. கை மாறும்போது ஆர்சியும் சாவியும் வரும், கையேடு வராது. டூல் கிட் அதற்கு முன்பே காணாமல் போயிருக்கும். நீங்கள் இதுவரை விற்ற ஒவ்வொரு மாடலுக்கும் உரிமையாளர் கையேட்டையும் வயரிங் படத்தையும் சிமிட்டுப் பட்டியலையும் உங்கள் இணையதளத்தில், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி, ஓட்டுகிறவர்கள் படிக்கும் மொழிகளில் போடுங்கள். டீலர் பெயரும் வண்டி நம்பரும் கேட்டு வாசலில் நிறுத்திவைக்காதீர்கள். விற்பனை நிறுத்தப்பட்ட மாடல்களிலிருந்து இந்த வேலையைத் தொடங்குங்கள். அவற்றை வைத்திருப்பவர்களுக்குத்தான் கேட்க வேறு ஆள் இல்லை.

இப்படிக்கு,
தினமும் உங்கள் வண்டியில் வேலைக்குப் போய்வரும் ஒருவர்