சம்பளத்துக்கும் கொடுங்கள், அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. "நோட்டு, புத்தகம், சீருடை எது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள், ஊழியர் சம்பளத்துக்கு மட்டும் என் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் போகக் கூடாது" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனம் எனக்குத் தெரியும். ஆனால் இதே நிபந்தனையோடு கொடுப்பவர்கள் பலர் இருப்பதால், பதிலை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நம் அமைப்பு நடத்தும் மாலை நேர வகுப்புகளில் நோட்டுப் புத்தகத்துக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. பிறந்தநாள், நினைவுநாள் என்று கட்டுக்கட்டாக வந்துவிடும். பஞ்சமெல்லாம் ஆசிரியைக்குத்தான். ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, சலிக்காமல் சொல்லிக்கொடுக்கிற உள்ளூர்ப் பெண் ஒருத்தி, மில்லில் சில ஆயிரம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று போய்விட்டால் அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. புதிதாக ஒருவரைத் தேடிப் பிடித்து, பிள்ளைகள் அவரிடம் ஒட்டுவதற்குள் பாதி ஆண்டு ஓடிவிடும். எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்த பிள்ளை மறுபடியும் பின்னுக்குப் போய்விடுகிறது.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் எவ்வளவு கெடுபிடியானது என்று உங்களுக்குத் தெரியும். 2020-இல், வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் நிர்வாகச் செலவுக்கான வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20-ஆகக் குறைத்தார்கள். ஓர் அமைப்பு இன்னொன்றுக்கு அந்தப் பணத்தைக் கொடுப்பதையும் அடியோடு தடுத்தார்கள். பெரிய அமைப்புகளின் வழியாக உதவி பெற்றுவந்த சிறு கிராம அமைப்புகளுக்கு அந்த வழி அதோடு அடைபட்டது. அத்தனை கண்டிப்பான சட்டத்தின் விதிகளே பள்ளி ஆசிரியர் சம்பளத்தையும் மருத்துவமனை டாக்டர் சம்பளத்தையும் நிர்வாகச் செலவில் சேர்ப்பதில்லை. கற்பிப்பதும் மருத்துவம் பார்ப்பதும்தான் அங்கே செய்யும் பணியே என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது, அண்ணா.

சரி, கணக்காளர்? அவருடைய சம்பளம் நிர்வாகச் செலவுதான். ஆனால் வேலையைப் பாருங்கள். நன்கொடை தந்த ஒவ்வொருவரின் பெயர், பான் எண், தொகை எல்லாவற்றையும் மே 31-க்குள் வருமான வரித் துறைக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். அதைச் செய்தால்தான் கொடுத்த நன்கொடைக்கு உங்களுக்கு வரிச் சலுகைச் சான்று கிடைக்கும். ஒரு முறை வாங்கினால் போதும் என்றிருந்த வரி விலக்குப் பதிவையும் இப்போது குறித்த காலத்தில் புதுப்பித்தாக வேண்டும். சிறிய அறக்கட்டளைகளுக்கு அந்தக் காலத்தை 2025-இல் 10 ஆண்டாக நீட்டியது பெரிய ஆறுதல். இவற்றோடு தணிக்கை, பதிவாளர் அலுவலகத்துக்கான ஆண்டறிக்கை. ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்கு வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. அந்தக் கணக்கை எழுதுகிறவர் மட்டும் பட்டினி கிடக்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

சி.எஸ்.ஆர். எனும் நிறுவனங்களின் சமூகப் பொறுப்புப் பணம் இருக்கிறதே என்பீர்கள். 2013 நிறுவனச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். நல்ல சட்டம். ஆனால் எங்களைப் போன்ற சிறிய அமைப்புக்கு அது வந்தாலும் ஓராண்டுத் திட்டமாகத்தான் வருகிறது. மார்ச்சில் திட்டம் முடிந்தால் ஏப்ரலில் வாடகையும் சம்பளமும் யார் பொறுப்பு என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

சேவை என்று சொல்லி வசூலித்துச் சொந்தச் சொத்து சேர்த்தவர்களும் உண்டு. உங்கள் சந்தேகம் அங்கிருந்துதான் பிறக்கிறது; அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். அதற்கு மருந்து, பேரேட்டை வாங்கிப் புரட்டிப் பார்ப்பது. யாருக்கு எவ்வளவு சம்பளம், ஏன் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். எந்த நாளும் வரலாம்.

இந்த ஆண்டு நோட்டுப் புத்தகம் வேண்டாம். ஓர் ஆசிரியையின் சம்பளத்தையும் கணக்காளர் சம்பளத்தில் பாதியையும் மூன்று ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொள்ளுங்கள். பள்ளி திறப்பதற்கு முன் உங்கள் முடிவைச் சொன்னால், வேலை உறுதி என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் தங்கை