இன்னும் ஒரு வரி எழுதுங்கள், டாக்டர்

வேலையில் அடிபட்டவர்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். தொழிலாளர்களுக்கு இழப்பீட்டு மனு தயாரித்துக் கொடுப்பது என் வேலை. உங்கள் வைத்தியத்தில் குறை சொல்ல வரவில்லை. கேஸ் ஷீட்டில் எழுதாமல் விடுவதைப் பற்றித்தான் இந்த மடல்.

போன வாரம் என் மேசைக்கு வந்த ஒரு கேஸ் ஷீட்டில் முதல் நாள் குறிப்பு இவ்வளவுதான்: "வலது தோள் வலி, 2 நாளாக." மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோளில் மளுக்கென்று சத்தம் கேட்டதை அன்றைக்கே டாக்டரிடம் சொன்னதாக அந்தத் தொழிலாளி சொல்கிறார். காகிதத்தில் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும். வீட்டில் வழுக்கி விழுந்திருப்பார் என்பார், வயதான மூட்டு என்பார். ஆறு மாதம் கழித்து நாலு பக்கச் சான்றிதழ் கொடுத்தாலும், முதல் நாள் எழுதாமல் விட்ட அந்த வரிக்கு ஈடாகாது.

நோயாளியிடம் "என்ன வேலை பார்க்கிறாய்?" என்றும் கேட்கச் சொல்லி, 1700-லேயே எழுதி வைத்தார் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. மெதுவாக வரும் நோய்களில் அந்தக் கேள்வி இல்லாமல் வழக்கே கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் 20, 30, 40 வருடம் கழித்துக்கூடத் தலைகாட்டும். அதற்குள் ஆலையையே மூடியிருப்பார்கள். காது மந்தம் என்று வருபவரின் ஆடியோகிராமில் (கேட்கும் திறனைக் காட்டும் வரைபடத்தில்) 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழுந்திருந்தால், வயதின் மேல் பழி போடுமுன் இயந்திர இரைச்சலைப் பற்றி விசாரியுங்கள்.

அப்புறம், "லேசான வேலை பார்க்கலாம்" என்ற அந்த வாக்கியம். தயவுசெய்து விட்டுவிடுங்கள். சூப்பர்வைசருக்கு 20 கிலோவும் லேசுதான். எத்தனை கிலோ வரை தூக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், கை தோளுக்கு மேல் போகலாமா, எந்தத் தேதி வரை? இவ்வளவு எழுதினால் போதும், யாரும் இஷ்டத்துக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

எங்களுக்காகப் பொய் எழுதச் சொல்லவில்லை. பழைய தேய்மானம் இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள். வேலையால் அது மோசமாகியிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். பல நாட்டுச் சட்டங்கள் அதற்கும் இழப்பீடு தருகின்றன. முதலாளி அனுப்பிய நோயாளி என்றாலும் இதே அளவுகோல்தான்.

அந்தத் தோள்வலிக்காரர் மறுபரிசோதனைக்குப் போகப்போகிறார். எப்படி அடிபட்டது என்று அவரிடம் இன்னொரு முறை கேட்டு, அன்றைய தேதி போட்டு, புதுக் குறிப்பாக எழுதுங்கள். பழையதில் கை வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மனு எழுதுபவன்