சின்ன மாமாவுக்கு, அந்தக் காலி நாற்காலி வீடியோ பற்றி

அன்புள்ள சின்ன மாமாவுக்கு,

நேற்று ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட வீடியோவைப் பார்த்தேன். நம் மலேசிய மக்களவையில் பாதி நாற்காலி காலி, ஒருவர் எழுந்து பேசிக்கொண்டிருக்கிறார், பின்னால் இன்னொருவர் போனை நோண்டுகிறார். "இதுக்குத்தான் சம்பளமா?" என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். 222 பேர் உள்ள அவையில் சபாநாயகரைத் தவிர்த்து 26 பேர் இருந்தாலே கூட்டம் நடத்தலாம் என்பது விதி. நம் கோயில் கமிட்டியே இதைவிடக் கறார்.

ஆனால் மாமா, போன தீபாவளிக்கு முன்னால் செந்தூல் வீட்டுக்குப் பின்னால் லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) அடைத்து, தண்ணீர் அடுப்படி வரைக்கும் வந்ததே, அப்போது எங்கே போனீர்கள்? நேராக ஒய்பி, அதாவது நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கு. சட்டம் செய்ய அனுப்பியவரை லோங்காங் பார்க்க வைத்திருக்கிறோம். உங்களைக் குறை சொல்லவில்லை, கோலாலம்பூர்க்காரனுக்குச் சட்டமன்றமும் கிடையாது, மாநகராட்சித் தேர்தலும் கிடையாது, பொதுத்தேர்தலில் போடுகிற அந்த ஒரே ஓட்டுதான், பிறகு எல்லாவற்றுக்கும் அவரிடமே போகாமல் யாரிடம் போவது?

எனக்குக் கோபம் வருகிற இடம் வேறு. 1963-இல் நாடாளுமன்றத்துக்கென்று தனிச் சேவைச் சட்டம் ஒன்று இருந்தது, 1992-இல் அதை ரத்து செய்தார்கள். அப்புறம் ஊழியர், பணம் எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தின் கையை எதிர்பார்க்க வேண்டியதாகிவிட்டது. யாரைக் கேள்வி கேட்க வேண்டுமோ அவர்களிடமே ஆள் கேட்டு நிற்பது! 2025 மார்ச்சில்தான் மக்களவை அந்தச் சட்டத்தைத் திரும்ப நிறைவேற்றியது.

இடையில் நடந்ததை மறந்துவிட்டோம். 2020 மே 18-ஆம் தேதி கூடிய அவை மாமன்னர் உரையைக் கேட்டதோடு சரி, விவாதமே இல்லாமல் அன்றைக்கே கூட்டம் முடிந்தது. 2021 ஜனவரியில் அவசரநிலை வந்தது, ஜூலை கடைசி வாரம் வரைக்கும் அவை கூடவே இல்லை. அப்போது 222 நாற்காலியும் காலிதான், ஆனால் எடுக்க வீடியோ இல்லை, நீங்களும் எதுவும் அனுப்பவில்லை.

நினைத்தால் அவர்களால் வேலை செய்யவும் முடியும். 2018-இல் ஒரு தடவை ஓட்டுப் போட்டுவிட்டு மூன்று பிரதமர்களைப் பார்த்துவிட்டோமா, அந்த அலுப்பில் 2022 ஜூலை 28-ஆம் தேதி கட்சித் தாவலைத் தடுக்க அரசியலமைப்பைத் திருத்தினார்கள், ஆதரவு 209 ஓட்டு. மூன்றில் இரண்டு பங்குக்கு 148 போதும். அதிலும் ஓட்டை இருக்கிறது: தனி ஆள் தாவினால் தொகுதி போகும், கட்சியே கூட்டணி மாறினால் யார் தொகுதியும் போகாது.

லோங்காங் மறுபடி அடைத்துக்கொண்டதாக அத்தை சொன்னார். சேவை மையத்துக்குப் போகும்போது என்னையும் கூப்பிடுங்கள். லோங்காங்கை நீங்கள் கேளுங்கள், ஒய்பி அவையில் எந்தக் குழுவில் இருக்கிறார், அங்கே என்ன கேட்டார் என்பதை நான் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்