அழைப்பிலேயே சொல்லிவிடலாமே

ஐயா,

அண்டை வீட்டாரை அழைத்துக் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பகிரும் வீட்டுக்கூட்டங்கள் புதியவை அல்ல. செசரியா நகரில் ரோமப் படையின் நூற்றுக்கதிபதி கொர்நேலியு, உறவினரையும் நெருங்கிய நண்பரையும் கூட்டிவைத்துக்கொண்டு இயேசுவின் சீடர் பேதுருவுக்காகக் காத்திருந்ததை வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 10-ஆம் அதிகாரம் கூறுகிறது. ஆதிக் கிறிஸ்தவர்களான ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியரின் வீட்டிலும் சபை கூடியது. ஆனால், விருந்து என்று மட்டும் சொல்லி அழைத்துவிட்டு, சாப்பாட்டின் நடுவே வேதாகமத்தைத் திறப்பது முறையன்று. நானே ஒருமுறை அப்படிச் செய்தபோது, எதிர்வீட்டுப் பெரியவர் பாதி உண்ட தட்டின்மேல் கையை நிறுத்தியபடி, எழவும் முடியாமல் சுவர்க்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெபமும் வேதவாசிப்பும் உண்டு என்பதை அழைக்கும்போதே தெரிவித்துவிட்டால், விருப்பமுள்ளவர் வருவார். வராதவரிடம் மறுநாள் காலையிலும் முகம் மாறாமல் பேச வேண்டியது நம் பொறுப்பு. வரவேற்பறையில் நடக்கும் கூட்டத்துக்கு ஒலிபெருக்கியும் தேவையே இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்