ஆய்வு முடிந்தாலும் மருந்தை நிறுத்தாதீர்கள்

ஆப்பிரிக்கக் குழந்தைகளின் இரத்த ஆய்வுகளுக்கு நிதி தரும் அமைப்புகளுக்கும், அவற்றுக்கு அனுமதி தரும் சுகாதார அமைச்சகங்களுக்கும்,

வணக்கம்.

மேற்குக் கென்யாவில், விக்டோரியா ஏரியை ஒட்டிய ஓர் ஊரில் மருந்தாளராக வேலை பார்க்கிறேன். இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் சிக்கிள் செல் நோயைப் பற்றியும் மலேரியாவைப் பற்றியும் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. இந்த ஊர்க் குழந்தைகளின் இரத்தத்தைப் பற்றி இந்த ஊர்க்காரர்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியும்.

எங்கள் பகுதியில் நடந்துவந்த ஓர் ஆய்வு சில மாதங்களுக்கு முன் முடிந்தது. எந்த ஆய்வு, யார் நடத்தியது என்று எழுதப் போவதில்லை. ஒருவரை மட்டும் குறைசொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆய்வில் சேர்ந்த குழந்தைகளுக்கு சிக்கிள் செல் நோய்க்கான ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து மாதாமாதம் இலவசமாகக் கிடைத்தது. கடைசி இரத்த மாதிரியை எடுத்தார்கள், குளிர்பெட்டிகளை வண்டியில் ஏற்றினார்கள், பெற்றோருக்கு நன்றிக் கடிதம் கொடுத்தார்கள். அடுத்த மாதம் மருந்து வரவில்லை.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். ஒரு குழந்தையின் இரத்தத்தை ஆய்வுக்கு எடுத்தால், ஆய்வு முடிந்த பிறகும் அந்தக் குழந்தைக்கு வேண்டிய மருந்து கிடைக்க வழி செய்யுங்கள். அதற்கான பணத்தை ஆய்வு தொடங்கும் முன்பே ஒதுக்குங்கள்.

மருந்து நின்றால் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆய்வில் குழந்தைகளுக்கென்றே 100 மில்லிகிராம் மாத்திரை வந்தது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு நாளைக்கு இரண்டு, அவ்வளவுதான். இப்போது கடையில் இருப்பது பெரியவர்களுக்கான 500 மில்லிகிராம் கேப்ஸ்யூல். அந்தக் குழந்தைக்கு அது இரண்டரை நாள் மருந்து. ஹைட்ராக்ஸியூரியா புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து, அதன் பொடியைக் கையால் தொடக்கூடாது. அதனால் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு கேப்ஸ்யூலைப் பிரித்து, பொடியைச் சுத்தமான தண்ணீரில் 5 மில்லி வரும்படி கலந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் 2 மில்லி உறிஞ்சிக் கொடுக்கிறேன். மிச்சத்தைக் கொட்ட வேண்டியிருக்கிறது.

ஒரு தாய் இதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டே நின்றார். தினமும் இங்கே வர அவரால் முடியாது. போடா போடா எனும் வாடகை மோட்டார்சைக்கிளுக்குப் போக வரக் கொடுக்கும் பணம் ஒரு நாள் கூலிக்குச் சமம். "டாக்டாரி, இதை வீட்டிலேயே நான் செய்துகொள்ளட்டுமா? ஒருமுறை காட்டினால் போதும்" என்று கேட்டார். அவர் ஆறு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிகள் அந்தப் பொடியின் பக்கமே போகக்கூடாது. குழந்தைக்கு மருந்து வேண்டுமானால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு ஆபத்து வரலாம் என்று அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்? சொல்லத்தான் வேண்டியிருந்தது. நன்றிக் கடிதத்தை அவர் மடிக்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார். அதைக் காட்டினால் மருந்து கொடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

இந்த ஏரிக்கரை மக்களிடம் நீங்கள் இரத்தம் கேட்பது இது முதல்முறை அல்ல. 1949இல் கென்யாவில் அந்தோனி ஆலிசன் என்ற ஆய்வாளர் இரத்த மாதிரிகள் சேகரித்தபோது, கடற்கரையிலும் விக்டோரியா ஏரிக்கரையிலும் சிக்கிள் செல் மரபணு அதிகமாகவும், மேட்டுநிலத்தில் குறைவாகவும் இருந்தது. மலேரியா உள்ள இடத்தில்தான் இந்த மரபணுவும் பரவியிருக்கிறது என்று அவர் கண்டுகொண்டது அப்படித்தான். 1954இல் வெளியான அவருடைய கட்டுரையில், லுவோ இனத்தைச் சேர்ந்த 30 பேருக்கு வேண்டுமென்றே மலேரியாக் கிருமியைச் செலுத்திப் பார்த்த சோதனை இருக்கிறது. மரபணு இல்லாத 15 பேரில் 14 பேருக்கு மலேரியா வந்தது, மரபணு உள்ள 15 பேரில் 2 பேருக்கு மட்டுமே வந்தது. இன்று உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் இருக்கும் அறிவு இது. அந்த லுவோ மக்களின் ஊர்களிலிருந்துதான் நான் இதை எழுதுகிறேன்.

தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ ஒரு பிரதி மட்டும் வந்தால் அந்த மரபணு மலேரியாவிலிருந்து காக்கிறது. இருவரிடமிருந்தும் வந்தால் அது நோய், அந்தக் குழந்தைக்கு மலேரியா வந்தால் இரத்தசோகை சட்டென்று முற்றிவிடும். ஊரையே காத்த மரபணுவுக்கு விலை கொடுப்பவர்கள் இந்தக் குழந்தைகள்தான். உங்கள் ஆய்வுகளுக்குத் தேவைப்படுபவர்களும் இவர்கள்தான்.

அப்புறம், என்ன செய்ய வேண்டும் என்பது தெரியாமலா இருக்கிறது? பெனிசிலின் கொடுத்தால் இந்த நோயுள்ள சிறு குழந்தைகள் பிழைக்கிறார்கள் என்று அமெரிக்காவில் 1986இலேயே தெரிந்துவிட்டது. ஆப்பிரிக்காவில் கிருமிகள் வேறு, இங்கே அது பயன்படுமா என்று வருடக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே கொல்லும் நிமோனியாக் கிருமிதான் இங்கேயும் கொல்கிறது என்று கென்யக் கடற்கரையில் கிலிஃபியில் நடந்த ஆய்வு 2009இல் காட்டியது. ஹைட்ராக்ஸியூரியா கொடுத்தால் மலேரியா கூடிவிடுமோ என்ற பயமும் இருந்தது. உகாண்டாவின் கம்பாலாவில் சோதித்தார்கள், கூடவில்லை. பிறகு அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா என்று நான்கு நாடுகளில் 600க்கும் அதிகமான குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு 2019இல் வெளியானது. மலேரியா பாதியாகக் குறைந்தது. இரத்தம் ஏற்ற வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்காகவும், இறப்பு அதற்கும் கீழேயும் இறங்கியது. விடை கிடைத்தாயிற்று. அந்த விடை இன்னும் எங்கள் அலமாரிக்கு வரவில்லை.

நோயைக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. உகாண்டாவில் கைக்குழந்தைகளின் எச்.ஐ.வி. பரிசோதனைக்காகச் சேகரித்த உலர்ந்த இரத்தப்பொட்டு அட்டைகளையே எடுத்துச் சிக்கிள் செல்லுக்கும் சோதித்தார்கள். 100 குழந்தைகளில் 13 பேருக்கு மரபணுவின் ஒரு பிரதி இருந்தது. புதிதாக ஊசி குத்தாமலே ஒரு நாடு முழுவதற்கும் கணக்கு கிடைத்தது. சில நிமிடங்களில் முடிவு சொல்லும் பட்டைச் சோதனையும் வந்துவிட்டது. பிறந்து சில மாதங்கள் வரை, தாய் வயிற்றில் இருந்தபோது உண்டான ஹீமோகுளோபின் குழந்தையைக் காக்கிறது. அதற்குள் கண்டுபிடித்தால் கையும் காலும் வீங்கி அழும்முன்பே மருந்தைத் தொடங்கலாம். ஆய்வு நடக்காத ஊரில் யார் கண்டுபிடிப்பது? காய்ச்சலோடு வந்த குழந்தை இறந்தால் மலேரியா என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள். அதற்குச் சிக்கிள் செல் இருந்ததா என்று கேட்க அப்புறம் ஆள் இல்லை.

2006இல் உலக சுகாதாரப் பேரவை சிக்கிள் செல் பற்றித் தீர்மானம் போட்டது. 2008இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஜூன் 19ஐ இந்த நோய்க்கான நாளாக அறிவித்தது. ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில் மேடை போடுகிறார்கள், பலூன் கட்டுகிறார்கள், பெற்றோரைப் பேசச் சொல்கிறார்கள். ஜூன் 20 அன்று அதே பெற்றோர் என் ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் இந்த நோய்க்கு இரண்டு மரபணுச் சிகிச்சைகளுக்கு ஒப்புதல் கிடைத்தது. அப்போது அறிவித்த விலை ஒன்றுக்கு 22 லட்சம் டாலர், இன்னொன்றுக்கு 31 லட்சம் டாலர். அந்த அறிவியலை நான் மதிக்கிறேன். ஆனால் ஆண்டுதோறும் இந்த நோயோடு பிறக்கும் 3 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளில் முக்கால்வாசிப் பேர் சஹாராவுக்குத் தெற்கே பிறக்கிறார்கள். காப்புரிமை எப்போதோ முடிந்துபோன ஒரு மாத்திரையைக்கூட அவர்களிடம் சேர்க்க முடியவில்லை என்றால் எனக்குக் கோபம் வருகிறது. மன்னிக்க வேண்டும், அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

சரி, கோபத்தைச் சொல்ல மட்டும் இந்த மடலை எழுதவில்லை. ஆய்வு முடிந்த பிறகும் பயன் தரும் சிகிச்சை கிடைக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும் என்று, மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம் சொல்கிறது. ஏற்பாட்டைச் செய்ய வேண்டியவர்கள் நிதி தருபவரும் ஆய்வாளரும், சிகிச்சையை அவர்களோ சுகாதார அமைப்போ அரசோ தரலாம். உங்களுக்குத் தெரியாத ஆவணம் அல்ல அது. நடைமுறையில் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுகிறீர்கள். நிதி தருபவரைக் கேட்டால் அது அரசின் வேலை என்கிறார், அமைச்சகத்தைக் கேட்டால் பட்ஜெட் இல்லை என்கிறது, ஆய்வாளர் அடுத்த ஆய்வுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். அடுத்த நிதி விண்ணப்பப் படிவத்தில் ஒரு பகுதியைக் கட்டாயமாக்குங்கள்: ஆய்வில் சேரும் குழந்தைக்கு அதன்பின் பெனிசிலினும், மலேரியாத் தடுப்பு மருந்தும், குழந்தை அளவிலான ஹைட்ராக்ஸியூரியாவும் யார் தருவார், எத்தனை ஆண்டு தருவார், அந்தப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது. அது காலியாக இருந்தால் நிதி தராதீர்கள். அமைச்சகங்களே, அனுமதி தராதீர்கள். 100 மில்லிகிராம் மாத்திரையை அரசுக் கொள்முதல் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பல நாடுகள் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும்.

அதுவரை, ஏற்கெனவே முடிந்துபோன ஆய்வுகளில் இருந்த குழந்தைகளை மறந்துவிட வேண்டாம். அவர்களுடைய பெயரும் ஊரும் எடையும் மருந்தளவும் உங்களிடமே இருக்கின்றன. முதலில் அவர்களுக்கு மருந்தை அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எப்போது அனுப்புவீர்கள் என்று தேதி போட்டுப் பதில் எழுதினால் அந்தத் தாய்க்கு என்னால் ஒரு பதில் சொல்ல முடியும்.

இப்படிக்கு,
விக்டோரியா ஏரிக்கரையிலிருந்து ஒரு மருந்தாளர்