ஜனத்தொகை மேல பழி போடாதீங்க ஐயா

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

போன திங்கக்கிழமை குறைதீர்க்கும் நாள்ல மூணு மணி நேரம் லைன்ல நின்னு, கிணத்து தண்ணி உப்பாயிடுச்சுன்னு மனு குடுத்த நாலு பொம்பளைங்கள்ல நானும் ஒருத்தி. நீங்க முழுசா கூட படிக்கல, "ஜனத்தொகை ஏறிப்போச்சும்மா, இருக்குற தண்ணி அவ்ளோதான், அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ன்னுட்டு அடுத்த டோக்கன கூப்ட்டீங்க. அங்க வாய் வரல, அதான் எழுதறேன்.

எங்க ஊர் உங்களுக்கு தெரியும், ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், நடுவுல மணல். மழைத்தண்ணி மணல்ல இறங்கி அடில இருக்குற உப்புத்தண்ணி மேல தனியா நிக்கும், அளவா இறைச்சா காலத்துக்கும் நல்ல தண்ணி, மோட்டார் போட்டு உறிஞ்சினா உப்பு மேல ஏறிடும். நான் கல்யாணமாகி வந்தப்ப கொல்லைல பதினஞ்சு அடி உறைகிணறு, அவ்ளோ இனிப்பா இருக்கும். போன வருஷம் டீக்கு வச்ச பால் திரிய ஆரம்பிச்சுது. மாமியார் பால்காரர திட்டி ஆளையே மாத்தினாங்க, அப்பவும் திரிஞ்சுது. ஒரு நாள் கேன் தண்ணி கலந்து வச்சேன், திரியல. பாவம் அந்த பால்காரர். இப்ப பருப்பு கூட கிணத்து தண்ணில வேகமாட்டேங்குது, வாரத்துக்கு ஆறு கேன் வாங்கறோம்.

காரணம் ராத்திரி பத்து மணிக்கு மேல வந்தா தெரியும். பக்கத்து சவுக்குத்தோப்புல மோட்டார் ஓட ஆரம்பிச்சா விடியற வரைக்கும் 12,000 லிட்டர் லாரி ஒண்ணு பின்னாடி ஒண்ணு. தோப்புக்காரர்கிட்ட சண்டைக்கே போனேன், "சவுக்கு வெட்ட நாலு வருஷம் காத்திருக்கணும்மா, தண்ணி வித்தா தினம் காசு, நான் நிறுத்தினா அடுத்தவன் விப்பான்"ங்கறார். அவர சொல்லி என்ன பண்றது. லாரில தண்ணி ஏத்தி விக்க லைசென்ஸ் வேணும்னு 1987-லயே சட்டம் வந்தாச்சு, அத காட்டி நிறுத்த வேண்டியது அவரா நீங்களா?

அந்த லாரி எல்லாம் போறது புதுசு புதுசா வர்ற அபார்ட்மென்ட்டுக்கு. அங்க வர்றவங்க மேல எனக்கு கோவம் இல்ல, பொழைக்க வர்றாங்க, லோன் போட்டு வீடு வாங்கறாங்க. தண்ணி இருக்குன்னு நம்பவச்சு கையெழுத்து போட்டது யாரு? தண்ணி எங்கேர்ந்து வரும்னு காட்டாத பில்டிங்குக்கு அப்ரூவல் குடுக்காதீங்க. அவ்ளோதான் கேக்கறோம்.

ஜனத்தொகைங்கறீங்க, தமிழ்நாட்டுல ஒரு பொண்ணுக்கு சராசரியா 1.8 குழந்தைதான்னு 2019-21 அரசாங்க சர்வே சொல்லுது, எங்க தெருவுல பாதி வீட்ல ஒத்தப் புள்ள. இன்னும் எவ்ளோ கம்மியா பெத்துக்கணும்னு சர்க்குலர் அனுப்பினா பாத்து நடந்துக்கறோம். 2019-ல சென்னைக்கு ஜோலார்பேட்டைலேர்ந்து ரயில்ல தண்ணி வந்தப்பவாவது புத்தி வரும்னு நெனச்சோம், அதுக்கப்புறம்தான் ஸ்விம்மிங் பூல் விளம்பரமே ஜாஸ்தியாச்சு. நெம்மேலில ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல் தண்ணிய குடிதண்ணியாக்குற பிளான்ட் 2013-லேர்ந்து இருக்கு, அது சிட்டிக்கு. எங்க ஊர்ல குடிதண்ணிய உப்பாக்குற வேலை, அதுக்கு பிளான்ட்டே வேணாம். சென்னைக்கு வடக்க மீஞ்சூர் பக்கம் சிட்டிக்கும் ஃபேக்டரிக்கும் வருஷக்கணக்கா இறைச்சு நிலத்தடில கடல் கிலோமீட்டர் கணக்குல உள்ள வந்த கதை உங்க ஃபைல்லயே இருக்கும்.

கொஞ்சம் ஓவரா பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க. தயவுசெஞ்சு ராத்திரி லாரிய நிறுத்துங்க, தண்ணிக்கு வழி காட்டாதவங்களுக்கு அப்ரூவல் குடுக்காதீங்க. வர்ற திங்கக்கிழமை மறுபடி மனுவோட வரேன், இந்த தடவ எங்க கிணத்து தண்ணியும் ஒரு பாட்டில் எடுத்துட்டு வரேன், நீங்க ஒரு வாய் குடிச்சுட்டு அடுத்த டோக்கன கூப்டுங்க.

இப்படிக்கு,
டோக்கன் நம்பர் 47