கப்பல்ல இருக்குற தம்பிக்கு, பின்டோவப் பத்தி

அன்புத் தம்பிக்கு,

உன் பேர இங்க போடல, படிச்சா உனக்கே தெரியும். போன வாரம் வாய்ஸ் மெசேஜ்ல "எழுது எழுதுன்னு உயிர வாங்குறியேக்கா, எழுதுனா யாரு நம்புவா, கத விடுறான்னுதான சொல்லுவாங்க"ன்னு கேட்டியே, அதுக்கு ரெண்டு வரில பதில் அனுப்ப மனசு வரல. நான் அந்த நேரம் படிச்சிட்டு இருந்ததே நானூறு வருஷமா கத விடுறவன்னு பேர் எடுத்த ஒரு மனுஷனோட வாழ்க்கைய. அதான் உக்காந்து நிதானமா எழுதுறேன்.

ஃபெர்னாவ் மென்டிஸ் பின்டோன்னு ஒரு போர்ச்சுக்கீசியர். 1510 வாக்குல மொன்டெமோர்-ஓ-வெல்யோங்கிற ஊர்ல ஏழை வீட்ல பிறந்தவரு. 1521ல ஒரு மாமா கையப் பிடிச்சு லிஸ்பனுக்குக் கூட்டிட்டுப் போய் ஒரு பெரிய வீட்ல வேலைக்கு விட்டாரு. மனுவேல் ராஜா செத்ததுக்காக ஊரே துக்கத்துல கேடயம் உடைச்ச நேரம் அது. தனக்கு ஞாபகம் இருக்குற மொத விஷயமே அந்த நாள்தான்னு எழுதுறாரு. அடுத்த ஒன்றரை வருஷத்துல அந்த ஊர்ல என்னமோ உயிருக்குப் பயந்து ஓடுறாரு, கரைல கிளம்ப நின்ன கப்பல்ல ஏறிடுறாரு, அதையும் வழில பிரெஞ்சுக் கொள்ளைக்காரங்க பிடிச்சிடுறாங்க. வாழ்க்கை அப்படித்தான் ஆரம்பிக்குது அவருக்கு.

1537 மார்ச்ல இந்தியாவுக்குக் கப்பல் ஏறுறாரு. திரும்பி லிஸ்பன் மண்ண மிதிச்சது 1558 செப்டம்பர் 22. நடுவுல 21 வருஷம், பதிமூணு தடவ பிடிபட்டேன், பதினேழு தடவ வித்தாங்கன்னு தன் வாழ்க்கையப் பத்தி எழுதுன புத்தகத்தோட மொத பக்கத்துலயே சொல்றாரு. செங்கடல்ல துருக்கிக் கப்பல்கிட்ட மாட்டி, மோக்கா துறைமுகத்துல சந்தைல ஏலம் போட்டு, ஒரு கிரேக்கன் வாங்கி, அவன் கொடுமை தாங்காம இருந்தப்ப இன்னொருத்தர் பேரீச்சம்பழத்த விலையாக் குடுத்து வாங்கி ஹோர்முஸுக்குக் கொண்டு வந்து விட்டாரு. தனக்கு என்ன விலை போச்சுன்னு ஒரு மனுஷன் தன் கையால எழுதி வெக்கிறத நெனச்சுப் பாரு. அப்புறம் மலாக்கா, சுமத்ரா, சயாம், சீனா, ஜப்பான். வியாபாரி, தூதன், கூலிப்படை, கைதி, கொள்ளைக்காரன்னு எல்லா வேஷமும்.

இனி நீ கேட்ட விஷயத்துக்கு வரேன். அவர் பேர வெச்சே போர்ச்சுக்கீஸ்ல ஒரு கிண்டல் இருக்கு, "ஃபெர்னாவ், மென்டிஸ்? மின்டோ!", அதாவது பொய் சொல்றியா ஃபெர்னாவ்? ஆமா சொல்றேன். பள்ளிக்கூடப் பிள்ளைங்க வரைக்கும் தெரிஞ்ச பேச்சு. அதுல உண்மை இல்லாமலும் இல்ல. ஜப்பான்ல மொதல்ல கால் வெச்ச போர்ச்சுக்கீசியர்ல நானும் ஒருத்தன்னு சொல்றாரு, ஆனா அவர் காலத்துலயே அன்டோனியோ கல்வாவ் எழுதுன கணக்குல இருக்குற மூணு பேர்ல இவர் இல்ல. சீனப் பெருஞ்சுவர்ல கைதியா வேலை பாத்தேங்கிறாரு, அவர் சொல்ற ஊர்களயும் ஆறுகளயும் மேப்ல வெச்சா பாதி ஒட்டவே மாட்டேங்குது. அடுத்தவன் சொன்னத தனக்கு நடந்ததா சேத்துக்கிட்டாருன்னுதான் எனக்கும் தோணுது. ஆனா மலாக்காவுல இருந்து 1554லயும் சீனக் கரைல இருக்குற மக்காவ்ல இருந்து 1555லயும் அவர் எழுதுன கடிதம் இருக்கு, ஆள் அங்கெல்லாம் இருந்தது நிஜம்.

ஆனா தம்பி, பொய்காரன்னு சொல்றவங்க ஒரு இடத்தத் தாண்டியே போயிடுறாங்க, அத உனக்குச் சொல்லணும்னுதான் இவ்ளோ நீளமா எழுதுறேன். சீனக் கடல்ல அன்டோனியோ டி ஃபாரியான்னு ஒரு தலைவனோட கூட்டத்துல சேந்து கொள்ளை அடிச்சத எழுதுறாரு. ஆளுங்க கரைல இறங்குன நேரம் பாத்து ஒரு படகப் பிடிக்கிறாங்க, உள்ள பன்னெண்டு பதிமூணு வயசுப் பையன் ஒருத்தன் நிக்கிறான். அவங்கப்பா படகு அது, அப்பன் சம்பாத்தியம் மொத்தமும் அதுல. நீ நம்ம புள்ள மாதிரி, எங்கக்கூட வா, உன்ன நல்லாப் பாத்துக்குறோம்னு ஃபாரியா ஆசையாப் பேசுறான். பையன் நம்பல. நீங்க சாமி கும்புடுறத இப்பத்தான் பாத்தேன்னு சொல்றான், வயிறு முட்டத் தின்னுட்டு, எண்ணெய் வழியிற உதட்டோட கையத் தூக்கி, வானத்தப் பாத்துப் பல்லக் காட்டுனா போதும், திருடுனதத் திருப்பிக் குடுக்க வேணாம்னு நெனக்கிற ஆளுங்க நீங்கன்னு சொல்றான். எண்ணெய் வழியிற உதடு! அந்த ஒரு விவரத்துல நான் நின்னுட்டேன். சாப்பிட்டு உதட்டத் தொடைக்காம நின்னவங்கள்ல பின்டோவும் ஒருத்தர். ஜெயிச்சவன் ஊருக்கு வந்து அளக்குற கதைல இந்தப் பையன் இருக்க மாட்டான். ஃபாரியான்னு ஒருத்தனே இல்ல, தன் பாவத்த எழுத பின்டோ உண்டாக்குன ஆள்தான்னு ஆராய்ச்சி பண்றவங்க சிலர் சொல்றாங்க. அப்படியே இருந்தாலும் எனக்கு அவர் மேல மரியாதை கூடத்தான் செய்யுது.

நம்ம முத்துக்குளித்துறைல 1542ல இருந்து ஊர் ஊரா நடந்தாரே சவேரியார், அவருக்கும் இவருக்கும் பழக்கம். ஜப்பான்ல கோயில் கட்ட சவேரியாருக்குக் கடன் குடுத்தவர் பின்டோ. 1552ல சவேரியார் சீனக் கரைக்குப் பக்கத்துத் தீவுல இறந்து, 1554ல உடம்பு கோவாவுக்கு வந்தப்ப இவர் அங்க பெரிய பணக்கார வியாபாரி, ஊருக்குத் திரும்பக் காத்திட்டு இருந்தவரு. மனசு ஒடஞ்சு சேத்ததையெல்லாம் அள்ளிக் குடுத்துட்டு சவேரியாரோட இயேசு சபைல சேந்துட்டாரு. சபைக்காரங்களோட மறுபடி ஜப்பான் வரைக்கும் போனாரு, ஆனா அதுல நீடிக்கல, வெளிய வந்துட்டாரு.

லிஸ்பன் வந்த கதைதான் எனக்கு ரொம்ப வலிச்சது. கோவா கவர்னர் குடுத்த கடிதத்த வெச்சிட்டு அரண்மனை வாசல்ல நாலரை வருஷம் அலஞ்சாரு, ஒண்ணும் கெடைக்கல. கைவிட்டுட்டு, தாகுஸ் ஆத்துக்கு அக்கரைல அல்மாதா பக்கம் பிரகால்னு ஒரு சின்ன ஊர்ல கல்யாணம் பண்ணிட்டு உக்காந்து எழுதுனாரு. என் பிள்ளைங்களுக்குச் சொத்தா விட்டுட்டுப் போறது இந்த முரட்டு எழுத்துதான்னு சொல்லித்தான் ஆரம்பிக்கிறாரு. அரசாங்கம் கடைசியா இரங்கி வருஷத்துக்கு இவ்வளவு கோதுமைன்னு அளந்து குடுக்கச் சொன்னது 1583ல, அதே வருஷம் ஜூலைல செத்துட்டாரு. 'பெரெக்ரினசாவ்'ங்கிற அந்தப் புத்தகம் அச்சுல வந்தது 1614ல. 31 வருஷம் கழிச்சு. யாரு நம்புவாங்கன்னு பாத்திருந்தா அவர் ஒரு வரி எழுதியிருப்பாரா சொல்லு.

நீ எத்தன நாட்டுத் துறைமுகம் பாத்தேங்கிறத நம்புறாங்களா இல்லையான்னு எனக்குக் கவலை இல்லடா. போன வருஷம் லீவுல வந்தப்ப மொட்டமாடில ஒரு நாள் ராத்திரி ஒரு விஷயம் சொல்ல ஆரம்பிச்ச, தண்ணி கேட்டு ஒரு சின்னப் படகு கிட்ட வந்துச்சுன்னு. அதோட நிறுத்திட்டு வேற பேச்சுக்குப் போயிட்ட. நானும் தோண்டல. அப்புறம் என்ன ஆச்சுன்னு அத மட்டும் எழுதுடா. எங்கயும் போட வேணாம், எனக்கு அனுப்பு.

இப்படிக்கு,
அக்கா